பதவியில் இருப்பவரைப் பற்றி நான் பேசுவதில்லை

அமெரிக்காவில் முன்னாள் அதிபர் என்றொரு இனம் உண்டு. நாற்காலியை விட்டு இறங்கிய மறுநாளே ஞானம் பிறப்பது இதன் முதல் அடையாளம். சொந்த ஊரில் தன் பெயரிலேயே ஒரு நூலகம் கட்டி, வெள்ளை மாளிகையில் தான் உட்கார்ந்திருந்த அறையை மேசை விளக்கு உட்பட அச்சு அசலாக அங்கே செய்து வைத்து, வேடிக்கை பார்க்க வந்தவர் அந்த மேசைமேல் கை வைத்தால் முறைத்து, காலையில் கோல்ஃப் ஆடி, மாலையில் சொற்பொழிவு மேடையேறி, "பதவியில் இருப்பவரைப் பற்றி நான் பேசுவதில்லை" என்று தொடங்கி, கடைசிவரை அவரைப் பற்றியே பேசும். பெயர் மட்டும் வராது. "சில பேர்" என்று வரும். யார் அந்தச் சில பேர்? ஒரே ஒருத்தர்தான்!

எவரெட் லிண்ட்குவிஸ்ட் இந்த இனத்தின் கொழுத்த மாதிரி. இப்போதைய அதிபர் கடல் தாண்டிப் படை அனுப்புகிறார் என்றதும் இவருக்கு வயது குறைந்துவிட்டது. விஸ்கான்சின் வீட்டுக்கே டிவிக்காரர்கள் வந்து விளக்குகளைப் பொருத்தினார்கள். இவர் உள்ளே கண்ணாடி முன் நின்று வருத்த முகம் பழகினார்.

மனைவி மோரீனுக்குப் பழகாமலே வந்தது. பேத்தி ஹேட்லி கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டுகிறாள். வெள்ளிக்கிழமை கப்பல் ஏற வேண்டும்.

"என்ன சொல்லப் போற எவரெட்?"

"நானா இருந்தா இப்படிப் பண்ணியிருக்க மாட்டேன்னு."

"நீயும் இதேதானே பண்ணின?"

"அது வேற. நான் யோசிச்சுப் பண்ணேன்."

"எங்க, கோல்ஃப் மைதானத்துலயா?"

டையை இறுக்கிக்கொண்டார். "அந்தாளு செனட்டைக்கூடக் கேக்கல, மோரீன். கிழிக்கப் போறேன் பாரு."

"அவன் ஏன் கேக்கணும்? உன் சண்டைக்கு நீ செனட்டுகிட்ட வாங்கின அனுமதி இன்னும் உயிரோட இருக்கே! அதைத்தான் தூக்கிக் காட்டுறான். அதை வாங்கினது என் தப்பு, ரத்து பண்ணுங்கன்னு சொல்லேன். உன் பேச்சைக் கேக்க அங்க இன்னும் நாலு செனட்டர் இருக்காங்க. ஹேட்லி வீட்டோட இருப்பா."

இவர் சீப்பைத் தேடினார்.

"அது சரி, அதுல முடியுற தேதின்னு ஒண்ணு ஏன் போடல?"

லிண்ட்குவிஸ்ட் அரசியலுக்கு வந்த பிறகு முதல் தடவையாக உண்மை பேசினார்.

"எனக்கப்புறம் இன்னொருத்தன் வருவான்னு தோணவே இல்ல."

பிறகு கேமரா முன் உட்கார்ந்தார். "பதவியில் இருப்பவரைப் பற்றி நான் பேசுவதில்லை. ஆனால் சில பேர்..." அடேயப்பா, என்ன பேச்சு! நாட்டின் மனசாட்சி என்று பத்திரிகைகள் எழுதின. அந்த அனுமதியைப் பற்றி மூச்சில்லை. செனட்டும் அதைத் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் ஹேட்லி இவரைக் கட்டிக்கொண்டாள். "டிவில பிரமாதமா பேசினீங்க தாத்தா." சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினாள். மோரீன் கையசைத்தார். கணவர் பக்கம் திரும்பவே இல்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். குடியிருப்புச் சங்கச் செயலாளர் பதவியை விட்டு இறங்கிய பிறகு, புதுச் செயலாளருக்கு மோட்டார் போடக்கூடத் தெரியவில்லை என்று மாடிப்படியில் நின்று முழங்கினாரே ஒருவர், அந்த ஓட்டை மோட்டாரை வாங்கிப் போட்டது யாராம்?

பெயர் சொல்லமாட்டேன். சில பேர்.