உறித்து ஒட்டவும்

தேய்ப்பு மெஷினை முடுக்கிய கணத்திலேயே உப்புத்தாள் வட்டு கழன்று பறந்தது. சாப்பாட்டு மேசையைக் கடந்து, சன்னல் திரையைக் கிழித்து, கம்பியில் மோதித் திரும்பி, மெய்ப்புத் திருத்துபவரின் காலடியில் வந்து பணிவோடு விழுந்தது.

அச்சகங்களுக்கு வீட்டிலிருந்தபடியே மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பவர் அவர். முப்பது ஆண்டுகளாக ஊரார் எழுத்தில் ஒற்றுப்பிழை பிடித்தவருக்கு மரவேலை புதிது. அது மனைவி இட்டுச் சென்ற கட்டளை.

மகளின் பிரசவத்துக்காகப் புறப்பட்ட அன்று அவள் மேசையின் சொரசொரப்பைத் தடவிப் பார்த்தாள். "எத்தனை தடவ சொல்றது? உக்காந்தா துணி மாட்டி நூல் இழுக்குது. நான் வர்றதுக்குள்ள இதத் தேச்சு வைங்க. இல்லன்னா மக வீட்டுலயே இருந்துடுவேன்" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பை அவர் கவனிக்கவில்லை. சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார். தேய்ப்பு மெஷினையும் அவளே ஹார்டுவேர் கடையில் இரவல் வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள். நாற்பது நாள் பயணம்.

பிரிந்து செல்பவன் தலைவன், காத்திருப்பவள் தலைவி என்பது பழம்பாட்டு மரபு. இந்த வீட்டில் முறை மாறியிருந்தது. தலைவிக்கு வளை நெகிழும் என்பார்கள். இவருக்கு முதல் வாரத்திலேயே இடுப்பு வார் ஒரு துளை உள்ளே போயிற்று. ஆற்றாமையைச் சொல்லியழத் தலைவிக்கு ஒரு தோழியாவது உண்டு. இவருக்கு அதுவும் வாய்க்கவில்லை.

விழுந்த வட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு விரைந்தார்.

"ஏங்க, நீங்க குடுத்தது ஒட்டவே இல்ல!"

கடைக்காரர் வட்டைத் திருப்பினார். ஒருபுறம் உப்புத்தாள், மறுபுறம் பசை. பசையை மூடிய மெழுகுத்தாள் அப்படியே இருந்தது. அதில் அச்சிட்டிருந்த 'உறித்து ஒட்டவும்' என்பதில் 'றி' சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, மேலே 'ரி' எழுதப்பட்டிருந்தது.

"திருத்தியிருக்கீங்க சார். உரிக்கல."

மெய்ப்புத் திருத்துபவர் நாணினார். அந்தப் பிழையைக் கண்டதும் அவர் உலகையே மறந்திருந்தார். காரணம் உண்டு. மனைவிக்கு ரகர றகர வேறுபாடு என்றுமே கைவந்ததில்லை. 'இறவு வர நேரமாகும்' என்று குளிர்சாதனப் பெட்டியில் சீட்டு ஒட்டிவிட்டுப் போவாள். அவர் சிவப்பு மையால் திருத்திவைப்பார். அவள் அதன் கீழேயே 'புறிந்தது' என்று எழுதிவைப்பாள். அவள் போனபின் வீட்டில் ஒரு பிழை இல்லை. பிழையற்ற அந்த வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"சாப்பிட்டீங்களா சார்?"

"பசிக்கல."

"எனக்குத் தனியா சாப்பிட்டா எறங்காது. உக்காருங்க."

கடைக்காரர் டிபன் கேரியரைப் பிரித்தார். இருவருக்குப் போதுமானது அதில் இருந்தது.

வீடு திரும்பி, உரித்து, ஒட்டி, முடுக்கினார். இம்முறை வட்டு பறக்கவில்லை. மேசைதான் அலறியது. மேற்பரப்பு உழுத வயலாயிற்று.

மறுநாள் மீண்டும் கடைவாசல்.

"இந்த நாப்பதாம் நம்பர் வட்டே இப்படிப் பிறாண்டுது. இன்னும் சின்ன நம்பர் இருக்கா?"

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"இருபத்துநாலு இருக்கு சார்."

"அதான் வேணும். பூ மாதிரி தேய்க்கணும்."

"பூவா?" கடைக்காரருக்கு இருமல் வந்தது. "மொதல்ல சாப்பிடுவோம். அப்புறம் எடுத்துத் தரேன்."

இருபத்துநாலாம் நம்பர் வயலுக்கு வாய்க்கால் வெட்டித் தந்தது. நம்பரைச் சரிபார்க்கலாம் என்று வட்டைப் பிய்த்தெடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டினார். அது ஒட்ட மறுத்தது.

"அந்தப் பசை அப்படித்தான் சார்" என்றார் கடைக்காரர். "ஒரு தடவ பிரிச்சா மறுபடி ஒட்டாது. மனுஷங்கதான் பிரிஞ்சுட்டு வந்தும் ஒட்டிக்குவாங்க."

மெய்ப்புத் திருத்துபவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த வட்டை வாங்கிக்கொண்டார்.

வட்டுகளைக் கட்டாகத் தரும் வழக்கம் அந்தக் கடையில் இல்லை போலும், ஒவ்வொன்றாகவே வந்தது. ஆகவே அவரும் நாள்தோறும் போனார். ஒருநாள் பசைப்புறம் மேலாக வைத்த வட்டின்மீது, மெய்ப்புக்கு வந்திருந்த நாவலின் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கம் காற்றில் பறந்துவந்து அமர்ந்துகொண்டது. இழுத்தால் கிழியும், விட்டால் சுழலும்.

அச்சகத்திலிருந்து அழைத்தார்கள். "சார், ஒரு பக்கம் வரலியே?"

"அது ஒட்டிக்கிச்சுங்க."

"கதையில அவ்வளவு ஒட்டிட்டீங்களா? எழுத்தாளர்கிட்ட சொல்றேன், சந்தோஷப்படுவாரு."

மாலைகளில் மனைவி பேசுவாள். பின்னணியில் பேத்தி அழுவாள்.

"மேசை ஆச்சாங்க?"

"ஆயிட்டே இருக்கு."

"சாப்பிட்டீங்களா?"

"அந்தக் கடைக்காரரு விட்டாத்தானே."

"நல்ல மனுஷன். வேற என்ன?"

வேறு என்னவெல்லாமோ இருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் கதவு வெறுமையாக இருப்பது, காலையில் பழக்கத்தில் இரண்டு கோப்பைகளை எடுத்து ஒன்றைத் திரும்ப வைப்பது, எல்லாம் இருந்தது.

"சன்னல் திரை கிழிஞ்சிருக்கு" என்றார்.

"எனக்கும்தாங்க" என்றாள் அவள்.

முப்பத்தெட்டாம் நாள் வேறு வழியின்றி நானூறாம் நம்பரைத் துணிந்து வாங்கினார். பத்து மடங்கு கொடுமையை எதிர்பார்த்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டு முடுக்கினார். திறந்தபோது உழவும் வாய்க்காலும் அப்படியே இருந்தன. ஆனால் பளபளவென்று மின்னின. மெஷினை நம்பாமல் வட்டைக் கையால் பிடித்துத் தேய்த்தார். மேசை மசியவில்லை. நாளெண்ணி விரல் தேய்ந்த தலைவியரைப் பாட்டில் படித்திருக்கிறார். உப்புத்தாளில் தம் விரல் தேயும் என்று நினைத்ததில்லை. இடுப்பு வார் பழைய துளைக்கே திரும்பியிருந்ததை மட்டும் அவர் கவனிக்கவில்லை.

மறுநாள் கடைக்குள் நுழைந்ததும் நானூறாம் நம்பர் வட்டைக் கல்லாமேல் வைத்தார்.

"ஊரு பூரா பிழை பிடிக்கிறேன். இந்த நம்பர் மட்டும் பிடிபடல. சின்ன நம்பர் உழுவுது, பெரிய நம்பர் தடவுது. நாளைக்கு அவ வர்றா. அந்த மேசையப் பாத்தான்னா அப்படியே திரும்பிப் போயிடுவா."

"நாளைக்கா?" கடைக்காரர் நாட்காட்டியைப் பார்த்தார். முதன்முறையாக முகம் மலரச் சிரித்தார். ஏணியைச் சாய்த்து மேல்தட்டுவரை ஏறி, தூசி படிந்த ஒரு பெட்டியை இறக்கி, துடைத்து, அவர் கையில் கொடுத்தார். "சின்ன நம்பர்தான் சார் முரடு. நம்பர் ஏற ஏற மென்மை. இத இப்பவே ஆரம்பிச்சீங்கன்னா பொழுது சாயறதுக்குள்ள மேசை கண்ணாடியாயிடும்."

பெட்டிக்குள் வட்டுகள் மூன்று கட்டாக இருந்தன. மூடியின்மேல் பேனாவால் எழுதியிருந்தது: 'மேசைக்கு. 80, 120, 220. இந்த வறிசையில்.'

மெய்ப்புத் திருத்துபவரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. சிவப்புப் பேனாவைத் தொட்டது. அதை எடுக்காமல் அங்கேயே நின்றது. அந்த வல்லின றகரத்தை அவர் மெல்லத் தடவிப் பார்த்தார்.

"இது எப்ப வாங்கி வச்சது?"

"அம்மா ஊருக்குப் போன அன்னைக்கே சார். 'அவரு வந்து என்ன கேட்டாலும் குடுங்க, சரியானத மட்டும் கடைசி நாள்ல குடுங்க. தினம் ஒரு தடவ வெளிய வந்து உங்ககூட ஒரு வாய் சாப்பிடட்டும். மேசை தேஞ்சா பரவால்ல, மனுஷன் தேயக் கூடாது'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."