அத்தையின் கொசுவலை

"ஞாயித்துக்கிழமை இந்த நாயை நண்பனோட தோட்டத்துல விட்டுட்டு வந்துடறேன். அம்மா கையைப் பாரு, இது மேல வர்ற ஈ கடிச்சு எவ்வளவு தடிப்பு!" என்றான் கணவன்.

மருமகளுக்குப் பகீரென்றது. உருண்டை என்கிற அந்தக் கொழுத்த நாய், பிறந்த வீட்டிலிருந்து அவளோடு வந்த ஒரே சொந்தம். அது போய்விட்டால் அவள் யாரிடம் போய் அழுவாள்?

"எனக்கு ஒண்ணும் கடிக்கலை" என்று மாமியார் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "ஆனா அந்தச் சனியன் என் ரூம் வாசப்படியை மிதிக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

உருண்டை வந்த நாள் முதல் இதே பாட்டுதான்.

மருமகளுக்கு வேலை பூச்சி ஆய்வுக்கூடத்தில். கடிக்கும் ஈக்களை இனம் பிரிப்பது.

"மனுஷனைக் கடிக்கிற ஈ வேற, நாயைக் கடிக்கிற ஈ வேறங்க. நான் நிரூபிக்கிறேன்" என்று வீறாப்பாகச் சொல்லி, கூடத்தில் பூச்சி பிடிக்கும் விளக்குப் பொறி மாட்டினாள். தெருவிலுள்ள பூச்சியெல்லாம் விருந்துக்கு வந்தது போல் வந்து சேர்ந்தன. காலையில் கணவன் நெற்றியிலும் தடிப்பு.

"பேஷ்! இப்ப எனக்குமா?"

"பொறியை அத்தை ரூம்ல வச்சுப் பார்க்கலாங்க."

"என் ரூம்ல ஒரு துரும்பு வைக்கக் கூடாது!" என்று பதறினாள் மாமியார்.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து மருமகள் நைசாக உள்ளே நுழைந்து, கட்டில் கொசுவலைக்குள் ஒட்டியிருந்த ஈக்களைக் குப்பியில் பிடித்தாள். ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால், இரண்டு இனமும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இறக்கைப் புள்ளி ஒன்றுதான் அடையாளம். அதை வைத்துப் பார்த்தால் அத்தனையும் நாய் ஈ!

பொய் சொல்லத் தெரியாத ஜென்மம் அவள். வீட்டுக்கு வந்து உள்ளதைச் சொல்லித் தொலைத்தாள்.

"பாத்தியா, உன் வாயாலயே வந்துடுச்சு!" என்றான் கணவன்.

"புள்ளியை மட்டும் நம்ப முடியாதுங்க. மரபணுச் சோதனைக்குக் கொடுத்திருக்கேன். முடிவு வரட்டும்" என்று கெஞ்சினாள்.

ஞாயிறும் வந்தது, முடிவு வரவில்லை. கணவன் உருண்டைக்குக் கயிறு கட்டினான். ஊர் சுற்றப் போகிற நினைப்பில் அது வாலாட்டியது. மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தூசி" என்றாள்.

அப்போது பார்த்து ஆய்வுக்கூடத் தோழி போனில் அழைத்தாள். மருமகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரெண்டு ஈ மட்டும் மனுஷனைக் கடிக்கிற இனம்டி. பார்வைக்கு அச்சு அசல் நாய் ஈதான், மரபணுதான் காட்டிக்கொடுத்துச்சு. ஈரமான பூந்தொட்டி மண்ணுல வளர்றது. தடிப்பு அதனாலதான். மிச்சதெல்லாம் நாய் ஈ, மனுஷனைத் தொடவே தொடாது."

ஜன்னலோரம் மாமியாரின் பூந்தொட்டிகள் சொட்டச் சொட்ட நின்றன. கணவன் அசடு வழியக் கயிற்றை அவிழ்த்தான். மருமகள் உருண்டையைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

"ஒண்ணுதான்டி புரியலை" என்றாள் தோழி. "நாய் ஈ, நாய் படுக்கிற இடத்தை விட்டு நகரவே நகராது. இத்தனை ஈ அந்த வலைக்குள்ள இருக்குன்னா, உருண்டை தினமும் உங்க அத்தை பக்கத்துலயா தூங்குது?"