உப்புக் குறைந்த யானை

ஒரு காட்டில் ஒரு எல்.கே.ஜி. இருந்தது. அதில் சேது என்ற கரடிக்குட்டி இரண்டாவது வருஷமாகப் படித்துக்கொண்டிருந்தது. சுற்றி வளைப்பானேன், போன வருஷம் பெயில்.

ஒருநாள் கொக்கு மிஸ் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி போட்டது. 'நாளை மாவுப் பொம்மைத் தேர்வு. கடை மாவு கூடாது, கெமிக்கல். மாவை வீட்டிலேயே செய்து கொடுத்தனுப்பவும். பொம்மை நின்றால்தான் யு.கே.ஜி.' கீழே செய்முறையும் இருந்தது. மைதா இரண்டு டம்ளர், உப்பு ஒரு டம்ளர், எண்ணெய், தண்ணீர், கலருக்கு மஞ்சள்தூள். கலந்து அடுப்பில் கிண்டி, ஆறியதும் பிசைய வேண்டும்.

சேதுவின் அம்மா தங்கபுஷ்பம் அப்படியே கிண்டியது. மாவு ஒட்டாமல் சுருண்டு வந்ததும் ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டது.

"தூ! கடல் தண்ணி மாதிரி கரிக்குது!"

"அம்மா, அது விளையாடுற மாவு. திங்கிறதுக்கு இல்ல."

"தெரியும்டா. அதுக்காக? நம்ம அடுப்புல இப்படி ஒண்ணு இறங்குச்சுன்னா நாலு பேர் என்ன பேசுவாங்க?"

அந்தக் காட்டில் கரடி வீட்டுச் சமையலுக்குப் பேர் உண்டு. பேர் வந்துவிட்டால் புத்தி வேலை செய்யாது. மொத்தத்தையும் கொட்டிவிட்டு, உப்பு ஒரு சிட்டிகை, எண்ணெய்க்குப் பதில் நெய், கூடவே தேன் என்று மறுபடி கிண்டியது.

மறுநாள் வகுப்பில் சேது அதில் ஒரு மஞ்சள் யானை செய்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது. பக்கத்தில் மயில்குஞ்சு கோபுரம் செய்தது. அது கடை மாவு. டப்பாவை மட்டும் அதன் அம்மா சித்ராங்கி மாற்றியிருந்தது.

"உன் யானை ஏன்டா நெய் வாசம் அடிக்குது?" என்று கேட்டுக்கொண்டே மயில்குஞ்சு காதைப் பிய்த்துத் தின்றது. முயல் தும்பிக்கையைத் தின்றது. சேது மட்டும் சும்மா இருக்குமா? வயிற்றைத் தின்றது. சாப்பாட்டு மணி அடித்தபோது நாலு கால்கள் மட்டும் நின்றன. குட்டிகள் வெளியே ஓடின. வகுப்பில் கொக்கு மிஸ் மட்டும் இருந்தது.

சாயங்காலம் பெற்றோர் வந்தார்கள். சேதுவின் இடத்தில் வெறும் தட்டு.

"என்னக்கா, யானை மேயப் போயிருக்கா?" என்றது சித்ராங்கி.

தங்கபுஷ்பம் மனசுக்குள் கணக்குப் போட்டது. மூன்றாவது வருஷமும் எல்.கே.ஜி. என்றால் எந்த முகத்தோடு வெளியே போவது?

கொக்கு மிஸ் மார்க் போட வந்தது. "பொம்மை நிக்கலையேம்மா. ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்."

"காலு நாலும் நின்னுச்சுன்னு பையன் சொல்றானே, மிஸ்," என்றது தங்கபுஷ்பம். பிறகு மிஸ்ஸின் முகத்தை உற்றுப் பார்த்துக் குரலைத் தாழ்த்தியது. "அலகுல மஞ்சள் ஒட்டியிருக்கு."

மிஸ் அலகை இறக்கையில் துடைத்துக்கொண்டது.

"நூத்துக்கு நூறு. உசுருள்ள யானை மாதிரியே இருந்துச்சு. கோபுரம்தான் கொஞ்சம் கோணல்." பிறகு தங்கபுஷ்பத்தின் காதருகே குனிந்தது. "வீட்டு நெய்யா?"

நீதி: உப்பில்லாப் பண்டம் குப்பைக்குப் போகும் என்பார்கள். நம்பாதீர்கள். மார்க் போடுகிறவர் வயிற்றுக்குப் போனால் பாஸ்.