கடவுச்சொல் காப்பாளர்

எந்தச் சங்கத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த அலுவலகத்தையும், ஏன், எந்தக் குடும்பத்தையும். அங்கே இவர் ஒருவர் இருப்பார். திருடனை இவர் நேரில் பார்த்ததில்லை; ஆனால் திருடனுக்காகவே வாழ்ந்துகொண்டிருப்பார். பீரோவைப் பூட்டியபின் கைப்பிடியை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார், ஊருக்குக் கிளம்பி பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு வாசல் பூட்டை ஆட்டிப் பார்ப்பதற்காக ஆட்டோ பிடித்துத் திரும்பி வருவார், டி.வி. ரிமோட்டுக்கு உறை போட்டு அந்த உறைக்கு ரப்பர் பேண்டும் போடுவார். முன்பெல்லாம் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தை வைத்து இவரை அடையாளம் கண்டுபிடிக்கலாம். கணினி வந்தது. இவரும் கடவுச்சொல் காப்பாளராகப் பதவி உயர்ந்துவிட்டார்.

எங்கள் பெரிய காஞ்சிபுரத்தில் இந்த இனத்தின் தலைசிறந்த பிரதி மாணிக்கவேல். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது நாற்பது தறிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு நெசவாளர் சங்கத்துக்குச் செயலாளர். சங்கத்துக்கு ஒரு இணையதளம் உண்டு. புடவை டிசைன்கள், கல்யாண ஆர்டர்கள் எல்லாம் அதில்தான். தளத்தைப் பராமரிப்பவர் ஜெயப்ரியா, ஏனாத்தூரில் படித்தவர். ஆனால் அதைப் பாதுகாப்பவர் மாணிக்கவேல். இரண்டும் வேறு வேறு வேலை என்பதை அவர் பலமுறை ஜெயப்ரியாவுக்கு விளக்கியிருக்கிறார்.

பாதுகாப்பு எப்படி நடக்கும் என்கிறீர்களா? ஆயுத பூஜை அன்று காலையில் தளம் முழுவதையும் நகலெடுத்து ஒரே கோப்பாக ஹார்டு டிஸ்க்கில் ஏற்ற வேண்டும். அந்தக் கோப்புக்கு மாணிக்கவேல் கடவுச்சொல் போடுவார். அவர் தட்டச்சு செய்யும்போது அறையில் உள்ளவர்கள் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும்; தலைவராக இருந்தாலும் சரி, டீ கொண்டுவந்தவராக இருந்தாலும் சரி. பிறகு ஹார்டு டிஸ்க்குக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலை படைத்து, சூடம் காட்டி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். ஒருமுறை திறந்து பார்த்துவிடலாமே சார் என்று போன வருஷம் ஜெயப்ரியா கேட்டிருக்கிறார். பூஜை போட்டுப் பூட்டியதை உடனே திறப்பது அபசகுனம் என்று பதில் வந்தது.

கடவுச்சொல்லை அவர் மனப்பாடம் செய்வதில்லை. மனதில் நிற்கிற கடவுச்சொல் கடவுச்சொல்லே இல்லை என்பது அவர் கட்சி. இருபத்திரண்டு எழுத்து, எண், புள்ளி, கோடு எல்லாம் கலந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்வார். ஒரே கடவுச்சொல்லை வருஷக்கணக்கில் வைத்திருக்கக் கூடாது என்று வங்கியிலிருந்து அவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. ஆகவே ஒவ்வொரு போகிக்கும், பழைய பாயோடும் கிழிந்த முறத்தோடும் பழைய சீட்டையும் நெருப்பில் போட்டுவிட்டு, புதுச் சீட்டில் புதுக் கடவுச்சொல் எழுதிக்கொள்வார். பழையன கழிதல்.

நீங்கள் புத்திசாலி. கோளாறு உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். மாணிக்கவேலுக்கு ஆறு வருஷமாகப் புரியவில்லை.

வைகாசியில் சங்கத்தின் சர்வர் செத்தது. பெரிய காரணம் ஒன்றுமில்லை, இயந்திரம், செத்துவிட்டது. ஜெயப்ரியா வேறு சர்வர் வாங்கி, அதை நிர்வகிக்கும் கன்ட்ரோல் பேனலைப் புதிதாக நிறுவி, பதினோரு மணிக்குள் எல்லாம் தயார் என்றார். இனி பழைய கோப்பை ஏற்றித் திறக்க வேண்டியதுதான் பாக்கி. மாணிக்கவேல் சலவை வேட்டியில் வந்திருந்தார். எல்லோரையும் விட முன்னால் வந்து உட்கார்ந்திருந்தவர் கமலவேணி.

கமலவேணி தறிக்காரர். இருபது வருஷமாக அடுத்தவர் போட்டுத் தந்த டிசைனை நெய்தவர், போன ஆடியில் முதல்முறையாகத் தானே ஒரு புடவைக் கரை வரைந்து முடித்தார். பஸ் ஸ்டாண்டு மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் புறாக்கள். வரிசையில் ஒன்று மட்டும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கும். நாலு மாதம் கட்டம் கட்டமாகப் போட்ட வேலை. தளத்தில் அதைப் பார்த்துவிட்டு வேலூரிலிருந்து ஒரு மணப்பெண், ஆவணிக் கல்யாணத்துக்கு இதுதான் வேண்டும் என்று சொல்லியிருந்தார். தறியில் பாவு நூல் ஏற்றியாகிவிட்டது. டிசைனைக் கொடுத்து, தறிமேல் இருந்து கரையைப் போடும் ஜக்கார்டுக்குத் துளை அட்டை அடிக்க வேண்டிய வாரம் அது. காகிதத்தில் வரைந்த மூலம் எங்கே என்கிறீர்களா? கணினியில் ஏறிய பிறகு காகிதம் எதற்கு என்று, அதையும் அந்தப் போகியில்தான் மாணிக்கவேல் எரித்திருந்தார்.

எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றோம். நானும் நின்றேன், சங்கத்தில் நானும் ஒரு உறுப்பினன். சீட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். தவறான கடவுச்சொல் என்றது கன்ட்ரோல் பேனல். மறுபடி தட்டினார். மறுபடியும் அதையே சொன்னது. மூன்றாம் முறைக்குப் பிறகு திரும்பிப் பார்த்தேன்; அவர் முகத்தில் கவலை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது பெருமிதம்.

“பாத்தியாமா, எவ்ளோ ஸ்ட்ராங்கா இருக்குது. நானே உள்ள போவ முடியல.”

ஜெயப்ரியா நிதானமாகக் கேட்டார், இந்தச் சீட்டு எப்போது எழுதியது என்று. போகியன்று. கோப்பைப் பூட்டியது? ஆயுத பூஜை. சீட்டை மாற்றினால் கோப்பின் பூட்டு தானாக மாறாது என்று அவர் விளக்கிச் சொன்னார். பழைய கடவுச்சொல்தான் வேண்டும். அழிக்க வேண்டியதை விதிப்படி அழித்ததாகவும், தன் மேல் தவறில்லை என்றும் மாணிக்கவேல் சொன்னார். உண்மைதான். விதிப்படிப் பார்த்தால் எங்கேயுமே தவறில்லை.

கமலவேணி முன்னால் வந்தார். குரல் உயரவில்லை.

“திருடன் வந்திருந்தா கூட ஒரு காப்பி எங்கியாவது இருந்திருக்கும் சார்.”

எனக்கு வெட்கமாக இருந்தது. சுவரைப் பார்த்து நின்றவர்களில் ஒருவன் அல்லவா?

கமலவேணி மறுபடி வரைந்தார். பதினோரு நாள். புறாக்கள் வந்தன, கம்பி வந்தது. திரும்பிப் பார்க்கிற புறா ஏழாவதா ஒன்பதாவதா என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. அந்தக் கழுத்தின் வளைவும் கடைசிவரை பிடிபடவில்லை. புடவை குறித்த நாளில் போய்ச் சேர்ந்தது. மணப்பெண்ணுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். அந்தச் செய்தியைச் சொன்னபோது கமலவேணி தறியை நிறுத்தவில்லை. “அதுக்கு இன்னா தெரியும். அது வேற புறா” என்றார்.

அந்தப் புது வரைபடத்தைக் கேட்டு மாணிக்கவேல் அவர் வீட்டுக்கே போனார், பூட்டிவைக்கத்தான். கமலவேணி அவருக்கு மோர் கொடுத்தார். வரைபடம் கொடுக்கவில்லை. சங்கத்தில் உள்ள நாற்பது பேர் போனுக்கும், மணப்பெண்ணின் போனுக்கும், அட்டை அடிப்பவர் போனுக்கும் அதை அனுப்பியாகிவிட்டது என்று அறிந்தபோது மாணிக்கவேலுக்கு அங்கேயே சற்று நேரம் உட்கார வேண்டியதாகிவிட்டது.

நல்லவேளை, நீங்கள் அப்படி இல்லை. உங்கள் பிள்ளை முதன்முதலாக நடந்த வீடியோ பழைய மெயிலில் இருக்கிறது. அப்பாவின் குரல் பழைய போனில் இருக்கிறது. வைத்த இடம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. இதை மூடி வைத்துவிட்டு நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறேன். கட்டத்துக்குள் எதையும் தட்டாமல், அதற்குக் கீழே நீல எழுத்தில் இருக்கும் ‘கடவுச்சொல் மறந்துவிட்டதா?’வை நோக்கி உங்கள் விரல் போகிறதே, அதை நான் பார்க்கவில்லை.