ஒரு கம்பி, நான்கு வாய், ஒரு விசில்

அன்பும் மரியாதையும் கலந்து மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது.

இங்கே அனைவரும் நலம். தொலைபேசி மட்டும் நலமில்லை என்று எழுத நினைத்தேன், ஆனால் அதன் மேல் பழி போடுவது நியாயமில்லை. கோளாறு வீட்டாரிடம்.

போன ஞாயிறு என் மகள் பேசியபோது, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "சொல்லும்மா" என்பதற்குள் உங்கள் அத்தை ரிசீவரைப் பிடுங்கினாள், அவளிடமிருந்து என் மகன் பிடுங்கினான், கடைசியில் எங்களோடு இருக்கும், வாயே திறக்காத என் மைத்துனர் கைக்கு அது போக, அவர் அதைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டார். அன்று முதல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன சொல்ல வந்தாள்? உடம்பா? வேலையா? மன்னியுங்கள், நீங்களா?

அப்போதுதான், போன முறை வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் நீங்கள் விளக்கியது நினைவுக்கு வந்தது. ஒரே கம்பியில் எத்தனையோ பேருடைய பேச்சு போகிறது. ஒவ்வொரு குரலையும் எண்களாக்கி, பொடிப்பொடியாக நறுக்கி, இவருக்கு ஒரு துண்டு, அவருக்கு ஒரு துண்டு என்று முறை வைத்து அனுப்பி, அந்தப் பக்கம் பிரித்து அவரவர் துண்டை ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்றீர்கள். முறை வைப்பதை எனக்குச் சொல்லித்தர வேண்டுமா? பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவனாயிற்றே! பழைய விசிலைத் தேடி எடுத்தேன். இந்த ஞாயிறு தொலைபேசியை ஸ்பீக்கரில் வைத்து, சுற்றி நாற்காலி போட்டு, விசிலுக்கு ஒருவர், ஒருவருக்கு ஒரு வாக்கியம் என்று சட்டம் போட்டேன்.

நான், "என்னம்மா, ஏதோ சொல்லணும்னியே?" என்றேன். விசில். உங்கள் அத்தை, "வாஷிங் மெஷின் சரியில்லடி." விசில். மகன், "அக்கா, நான் பாஸ்." விசில். மைத்துனருக்குப் பேச ஒன்றுமில்லை. ஆனால் பேசாதவருக்கும் அவருடைய இடத்தைக் காலியாகவாவது அனுப்ப வேண்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அவர் இருமினார். அதையும் மரியாதையாக அனுப்பினோம். மறுபடி நான், "என்னம்மா, ஏதோ சொல்லணும்னியே?" உங்கள் அத்தை, "ஒரு இடத்துல நிக்க முடியாம தடதடன்னு ஆடுது" என்று தொடங்கி, ஒரு வாக்கியம் போதாமல் மகன் முறையிலும் ஏறினாள், அவன் மைத்துனர் முறையில் ஏறினான், மைத்துனரின் இருமல் என் முறையில் வந்து விழுந்தது. அந்தப் பக்கம் என் மகள், "அப்பா, உங்களுக்கு என்ன இப்படி ஒரு இருமல்?" என்று பதறினாள். "அது என்னுது இல்லம்மா, மாமாவுது." "அப்ப நிக்க முடியாம ஆடுறது யாரு?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் என் முறை முடிந்துவிட்டது. அழுகிற குரலில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

நானாகக் கூப்பிடலாமே என்பீர்கள். எண்ணை அழுத்தும் சத்தம் கேட்டாலே வீடே ஓடி வருகிறது! ஆகவே, தொலைபேசித் துறையில் இருக்கும் தாங்கள் எனக்கும் என் மகளுக்கும் மட்டும் தனியாக ஓர் இணைப்பு வாங்கித்தர வேண்டும். அது வரும்வரை, அவள் என்ன சொல்ல வந்தாள் என்று நீங்களாவது எழுதுங்கள். உங்கள் மேல்தான் புகார் என்றாலும் எழுதுங்கள், நிதானமாகப் படிப்பேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமலும், சண்டை வந்தால் சாயங்காலத்துக்குள் தீர்ந்தும், நெடுநாள் வாழ வேண்டும்.

கவலையுடன்,
மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அவளே கூப்பிட்டாள். "யாரும் வாயத் திறக்காதீங்க! அத்தனை பேருக்கும் முறை வெச்சீங்களே, எனக்கு வெச்சீங்களாப்பா?" என்றாள். வைக்கவில்லை, மாப்பிள்ளை. இருமலுக்கு இடம் வைத்த நான் அவளுக்கு வைக்கவில்லை. உங்களுக்கு எங்கள் ஊருக்கே மாற்றல் கிடைத்திருக்கிறதாமே! வீடு கிடைக்கும்வரை எங்களோடுதானாமே! அப்பாவிடம் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று உங்கள் வாயையும் கட்டி வைத்திருந்தாளாம். நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் கத்தினோம், மைத்துனர்கூடப் பேசினார், எனக்கு அழுகை வந்துவிட்டது. யார் என்ன சொன்னோம் என்று அத்தனையும் அவளுக்குத் தனித்தனியாகப் புரிந்ததாம். ஆகவே தனி இணைப்பு வேண்டாம், சீக்கிரம் வாருங்கள். வீட்டில் குளியலறை ஒன்றுதான்; விசிலைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.