பாம்பன் கோயில் சுவர் காயாத காரணம்

பாம்பன்

அன்பு மருமகன் ரெக்ஸுக்கு, மாமன் செபஸ்தியான் எழுதுவது. சேசுவுக்குப் புகழ். நானும் உன் அத்தை ஜெபமாலையும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் சரியில்லை. போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

நம் பழைய கோயிலின் சுண்ணாம்புச் சுவர் உப்பு ஈரத்தில் உதிர்வதைப் பார்த்து, சிமெண்ட் பூசினால் இன்னும் கெடும், வெயிலில் ஓடும் மிஷினை வைத்துக் காயவைக்கலாம் என்று கொண்டுவந்தவன் நீ. கூரையில் சோலார் பலகை, பூசை உடுப்பு வைக்கும் அறையில் வறண்ட காற்று ஊதும் பெட்டி, சுவருக்குள் ஈரம் அளக்கும் கருவி. ஈரம் இறங்காவிட்டால் உன் திட்டத்தையே கம்பெனியில் மூட்டை கட்டிவிடுவார்கள் என்றாய். அப்படிப்பட்ட அறையின் சாவியை, கமிட்டிக்காரன் என்று நம்பி என்னிடம் கொடுத்தாயே, அங்கேதான் தப்புப் பண்ணினாய்.

மழை விடாமல் ஊற்றியது. உன் அத்தை உப்புப் போட்டு வைத்த நெத்திலி புழு வைக்கிற நிலைமை. "கோயில் செவத்தக் காய வைக்கிற மிஷினு நம்ம மீனக் காய வைக்காதாக்கும்? சாவி ஒங்க இடுப்புலதான இருக்கு!" என்றாள். வேண்டாம் என்று சொன்னதாக எழுத ஆசைதான். ஆனால் சாக்கைத் தூக்கித் தோளில் வைத்தேன். அடைமழையிலும் மொறுமொறுவென்று காய்ந்தது, உன் மிஷின் நல்ல மிஷின். மீன் விட்ட ஈரத்தையெல்லாம் சுவர் குடித்துவிட்டது. சென்னையில் உன் போனில் சுவரின் ஈர அளவு ஏற ஏற, உங்கள் ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். சாவியைத் தேடுவதாகச் சொல்லி மீனை ஒளித்தேன். "என்னங்க வாடை?" என்று கேட்டதற்கு, "பாம்பன்ல வேற என்ன வாடை வரும்?" என்றேன். அஸ்திவாரத்தில் கடல் தண்ணீர் ஏறுகிறதென்று பின்பக்கம் குழி தோண்டினார்கள். அவர்கள் வேன் பாலம் தாண்டியதும் மீனை மறுபடி கொடியில் போட்டேன். பங்குச் சாமி சுவருக்காக நவநாள் வைத்து, என்னையே செபம் சொல்லச் சொன்னார். "ஆண்டவரே, இந்த ஈரத்தை எடுத்தருளும்" என்று நான் சொல்ல, சனம் முழங்காலில் நின்று திருப்பிச் சொன்னது. சாமி அந்த அறையிலிருந்து அங்கி மாட்டிக்கொண்டு பீடத்துக்குப் போனால், பின்னாலேயே ஒரு பூனை போகிறது.

மேலதிகாரி உன்னை எல்லார் முன்னாலும் ஏசினாராம். இனித் தாங்காது. தப்பு மிஷினுடையதும் இல்லை, உன்னுடையதும் இல்லை. இந்தக் கடிதத்தை அப்படியே அவரிடம் காட்டு. கமிட்டியிலிருந்து என்னைத் தூக்கினாலும் சரி. என் அக்கா, உன் அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதுதான் தெரியவில்லை.

மாதா உன் வேலையையும் பேரையும் காப்பாற்றட்டும்.

வெட்கங்கெட்ட உன் மாமன்,
செபஸ்தியான்

பி.கு.: எழுதி முடித்து, நெத்திலியை அள்ளிவரப் போனேன். பெட்டிக்குப் பின்னால் பெரிய சாளைக் கருவாட்டு மூட்டை, நீ முதல் சம்பளத்தில் உன் அம்மாவுக்கு எடுத்துக்கொடுத்த சேலையில் கட்டியிருந்தது. பீடத் துணி துவைக்கிற அக்காவிடம் இன்னொரு சாவி இருப்பதை மறந்தே போனேன். கேட்டால், "ஏலே, எம் மவன் வச்ச மிஷினு, ஒனக்கு உள்ள உரிம எனக்கில்லையா?" என்கிறது. ஆகவே மருமகனே, கடிதத்தை யாரிடமும் காட்டாதே. கடல் தண்ணீர் என்றே இருக்கட்டும்.