பீரோவுக்கு ஒரு ஜன்னல் சீட்

கோபக்காரக் கணவனைச் சமாளிக்க ஆயிரம் வழி இருக்கிறது, உதவி செய்தே தீருவேன் என்று நிற்கிற கணவனை என்ன செய்வது என்றுதான் யாரும் சொல்லித்தரவில்லை என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

வாய்வழியாக வெளியே வந்தது இவ்வளவுதான்: "என்னங்க பண்றீங்க?"

கணவர் படுக்கையறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் அவளுடைய செல்லோ, அந்த ஆளுயர வயலின், மல்லாந்து கிடந்தது. நான்கு தந்திகளும் பழைய பாவாடை நாடா மாதிரித் துவண்டு தொங்கின. அவற்றைத் தாங்கி நிற்க வேண்டிய குதிரை என்கிற மரத்துண்டு கட்டிலுக்கடியில் போய் விழுந்திருந்தது.

"ப்ளேன் மேல போனா காத்தழுத்தம் மாறும். தந்தி இறுக்கமா இருந்தா பட்டுனு போயிடும். அதான் மொத்தமா தளர்த்தி விட்டுட்டேன்."

"யாருங்க சொன்னா?"

"படிச்சேன்."

கொஞ்சமாகத் தளர்த்தலாம், மொத்தமாகத் தளர்த்தக் கூடாது என்று அடுத்த வரியிலேயே எழுதியிருக்கும். கணவர் எதைப் படித்தாலும் அடுத்த வரிக்குப் போகிறவர் அல்ல. முதல் வரியிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

அவள் செல்லோவைத் தூக்கினாள். வயிற்றுக்குள் எதுவோ உருண்டது. வாத்தியத்தின் உள்ளே, முன்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவில், ஒரு சின்னக் கட்டை நிற்கும். பசை கிடையாது, ஆணி கிடையாது, தந்திகளின் அழுத்தம் மட்டுமே அதை நிறுத்தி வைத்திருக்கும். அது விழுந்துவிட்டால் செல்லோ வெறும் மரப்பெட்டி.

"உள்ள என்னவோ உருளுதே," என்றார் கணவர். "நல்லவேளை, இப்பவே கண்டுபிடிச்சேன். ஏர்போர்ட்ல போய்த் தெரிஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

நன்றி சொல்ல வேண்டிய இடம் இதுதானா என்று அவள் ஒரு கணம் யோசித்தாள்.

வெளியூரில் இருந்த பெரிய இசைக்குழு ஒன்று அவளை நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருந்தது. அனுப்பி வைத்த பதிவைக் கேட்டுவிட்டு, நேரில் ஒருமுறை வாசியுங்கள், சரியாக இருந்தால் நிரந்தர இடம் என்று சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வில்லைப் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதையே வாசிப்பு என்று நினைத்துப் பழகியிருந்தவளுக்கு, அந்த அழைப்பு வந்த நாளிலிருந்து கைவிரல்கள் சும்மா இருப்பதில்லை. அரிசி களையும்போதுகூடப் பாத்திரத்தின் விளிம்பில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தன.

நாகரிகமான இசைக்குழு. இரண்டு விமான டிக்கெட் போட்டிருந்தார்கள். ஒன்று அவளுக்கு, மற்றது அவள் பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரப்போகிற செல்லோவுக்கு.

வீட்டில் செல்லோவுக்குப் பீரோ என்று பெயர். வைத்தவர் மாமியார். கூடத்தின் மூலையில் பெட்டியோடு அது நிற்பதைப் பார்த்து வைத்த பெயர்.

"பீரோவுக்கு எதுக்கு சீட்டு?" என்றார் கணவர். "அது என்ன, வேடிக்கை பாக்கப்போகுதா?"

டிக்கெட் வந்த அன்று மாலைக்குள் முடிவாகிவிட்டது. இவ்வளவு பெரிய வாத்தியத்தைப் பொம்பளை ஒருத்தி தனியாகக் கொண்டுபோவது ஆபத்து. அதன் பாதுகாப்புக்குக் கணவரே கூட வருவார். அந்த ஊரில்தான் அவருடைய தங்கையும் இருக்கிறாள், அவள் வீட்டில் இரண்டு வாரம் தங்கி அங்கே சரியில்லாததையெல்லாம் சரிசெய்து கொடுத்துவிட்டு வரலாம். விமான நிறுவனத்தின் அலுவலகத்தில் அரை நாள் நின்று, பேசிப் பேசி அவர்களைக் களைப்பாக்கி, செல்லோவின் சீட்டில் தான் உட்கார்ந்து வர ஏற்பாடு செய்துகொண்டு வந்தார்.

ஆக, செல்லோவின் பாதுகாப்புக்காக அவர் வருகிறார். அவர் வருவதால் செல்லோ மூட்டை முடிச்சுகளோடு விமானத்தின் கீழ்த்தட்டுக்குப் போகிறது. கீழே போவதால் அதற்குப் பாதுகாப்பு தேவைப்படுகிறது. இந்த வட்டத்தின் எந்த இடத்தில் விரலை வைத்து 'இங்கேதாங்க தப்பு' என்று காட்டுவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"சரிங்க," என்றாள்.

அந்தச் சொல் எப்போது கிளம்புகிறது என்று அவளே கவனிப்பதில்லை. அது சம்மதம் அல்ல, பேச்சை முடித்து வைக்கிற சொல். வாசிக்கும்போது இம்மியளவு தாளம் பிசகினாலும் அவளுக்கு உறுத்தும். மற்ற நேரத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்பது மட்டும் ஒரு நாளும் தெரிந்ததில்லை.

வாத்தியம் பழுதுபார்ப்பவர் வளைந்த கம்பி ஒன்றைத் துளை வழியாக உள்ளே விட்டு, முனகிக்கொண்டே விழுந்துகிடந்த கட்டையை நிமிர்த்தி நிறுத்தினார். பேசாமல் சீட்டில் வைத்துக் கொண்டுபோய்விடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார் என்றார் கணவர்.

மறுநாள் அவர் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளை வாங்கி வந்து செல்லோவுக்கு ஏழெட்டுச் சுற்று சுற்றினார். முடித்தபோது அது கர்ப்பமாக இருப்பது போலத் தெரிந்தது. தன்னுடைய பெட்டிக்குள் போக மறுத்தது. கணவர் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார். பிறகு உள்ளே ஒட்டியிருந்த மெத்தையைச் சமையலறைக் கத்தியால் அறுத்து இடம் உண்டாக்கினார். இப்போது செல்லோ உள்ளே போயிற்று, ஆனால் பெட்டியின் பூட்டு பிடிக்கவில்லை. அதற்கு ஒரு பெல்ட் கட்டினார், அவருடைய பழைய பேண்ட் பெல்ட்.

"இதை அப்படியே கீழ போட்டா உடைச்சிடுவானுங்க," என்று அவரே கவலைப்பட்டுவிட்டு, தச்சரைக் கூட்டி வந்தார்.

தச்சர் கட்டில், கதவு, ஜன்னல் செய்கிறவர். வளர்கிற பிள்ளைக்குச் சட்டை தைப்பது போல, எல்லாப் பக்கமும் தாராளமாக விட்டு ஒரு மரப்பெட்டி செய்து கொடுத்தார். நீளமாக, கறுப்பு வார்னிஷ் அடித்து, இரண்டு பக்கமும் பித்தளைக் கைப்பிடியோடு இருந்த அதைப் பார்த்து அவள் ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். படுக்கையறை வாசலில் அது நுழையவில்லை. கதவைக் கழற்றினார்கள். பெட்டி உள்ளே வந்தது, கதவு திரும்ப மாட்டப்படவில்லை.

செல்லோவை வைத்த பிறகும் பெட்டிக்குள் ஒரு குடித்தனம் நடத்துகிற அளவுக்கு இடம் இருந்தது. ஆடக் கூடாது, அடைக்க வேண்டும் என்றார் கணவர்.

"நான் அடைக்கிறேன்," என்றார் மாமியார்.

அதுவரை இந்த விஷயத்தில் எதற்கும் வாய் திறக்காதவர், மகளோடு போனில் பேசிவிட்டு வந்து சேலையைச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினார். முதலில் கம்பளி, தலையணை, பேரப்பிள்ளைகளுக்குத் துணி. நியாயம்தான். பிறகு குக்கர். பிறகு இரும்பு வாணலி. போர்வையில் சுற்றிய எதையோ இரண்டு கையாலும் மூச்சுப்பிடித்துத் தூக்கி வந்தார்.

"அது என்னங்க அத்தை?"

"கல் உரல்."

"அவங்க வீட்ல மிக்சி இருக்கே."

"மிக்சியில அரைச்சா அவளுக்கு ஒத்துக்காது."

கடைசியாக, கரி போட்டுத் தேய்க்கிற காலத்து இஸ்திரிப்பெட்டி ஒன்று பரணிலிருந்து இறங்கி செல்லோவின் கழுத்துப் பக்கம் போய் உட்கார்ந்தது. மகள் மேல் இருக்கிற பாசத்தில் ஒரு தாய்க்கு எடை தெரிவதில்லை என்று மருமகள் நினைத்தாள். தன் வாத்தியம் ஒரு பாத்திரக்கடையின் நடுவில் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே "சரிங்க அத்தை" என்றாள்.

விமான நிலையத்தில் நான்கு பேர் தோள் கொடுத்துப் பெட்டியை உள்ளே கொண்டுவந்தார்கள். வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தி ஒதுங்கி வழிவிட்டார்கள். பெரியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். பின்னால் நடந்து வந்த அவளை ஓர் அம்மாள் தோளில் தட்டி, மனசைத் தேத்திக்கோம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். பல நாட்களில் அவளுக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அது என்பதால் அவள் மறுக்கவில்லை.

கவுண்டரில் இருந்த பெண் எடை காட்டும் எண்ணைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், மறுபடியும் எண்ணைப் பார்த்தாள்.

"இவ்வளவு எடையை ஒரே பெட்டியா ஏத்த மாட்டோம் சார். உள்ள என்ன இருக்கு?"

"செல்லோ."

"வேற?"

"அதோட பாதுகாப்புக்குக் கொஞ்சம் சாமான்."

பெட்டியைத் திறந்தார்கள். பாதுகாப்பு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. உரல் வந்தபோது பக்கத்துக் கவுண்டர்காரர் எழுந்து நின்று பார்த்தார். சாமான்களை அப்படியே தரையில் விட்டுப் போனால் பாதுகாப்புப் பிரிவு அள்ளிக்கொண்டு போய்விடும், வேறு பெட்டியில் அடுக்கி வர நேரம் இல்லை, கவுண்டர் மூடப்போகிறது என்று அந்தப் பெண் அமைதியாகச் சொன்னாள். பெல்ட் கட்டிய செல்லோப் பெட்டியைத் தனியாகக் கீழே அனுப்பவும் முடியாது, பூட்டு இல்லாததை ஏற்க மாட்டார்கள்.

கணவர் ஒரு நிமிடம் யோசித்தார்.

"ஒண்ணு பண்ணு," என்றார். "நீ இதையெல்லாம் எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ. நான் முன்னாடி போறேன். அவங்ககிட்ட உன்னைப் பத்தி நல்லதா எடுத்துச் சொல்லி வைக்கிறேன். நீ பொறுமையா வா."

தேர்வு நாளைக் காலை. யாரோ ஒருவரின் கணவர் வெறுங்கையோடு போய் நின்று, என் மனைவி நன்றாக வாசிப்பாள் என்று சொன்னால் போதுமென்றால், அவள் எதற்கு இத்தனை வருடம் விரல் நுனி தேயப் பயிற்சி செய்தாள்? இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். தொண்டை வரைக்கும் வந்து நின்றது 'சரிங்க'தான்.

அவளைக் காப்பாற்றியது கணினி.

"அப்படிப் போக முடியாது சார்," என்றாள் கவுண்டர் பெண், திரையைப் பார்த்தபடியே. "உங்க சீட்டு மேடத்தோட டிக்கெட்லதான் சேர்ந்திருக்கு. மேடம் ஏறலன்னா நீங்களும் ஏற முடியாது. இங்க நீங்க இன்னும் மேடத்தோட கைச்சாமானாத்தான் இருக்கீங்க."

கணவர் வாழ்க்கையில் முதல்முறையாக அடுத்த வரிக்காகக் காத்திருந்தார். அடுத்த வரி எதுவும் வரவில்லை.

சாமானை விட்டுப் போக அவருக்கு மனம் இல்லை, அம்மா கொடுத்தது. அவர் நின்றுகொண்டதால் அந்தச் சீட்டு செல்லோவுக்கே திரும்பிப் போயிற்று. உரலையும் இஸ்திரிப்பெட்டியையும் மரப்பெட்டியோடு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போய் நின்றார். அங்கிருந்து கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொடுத்தார். தந்தியைத் தளர்த்தச் சொல்கிறார் போலிருந்தது. கண்ணாடி தடிமனான கண்ணாடி. உலகத்தில் இன்னும் கொஞ்சம் இரக்கம் மிச்சம் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

ஜன்னலோரத்தில் செல்லோவை நிறுத்தி, பணிப்பெண்ணும் அவளுமாக இரட்டை பெல்ட் போட்டுக் கட்டினார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியின் மேல் கையை வைத்தாள். ஒட்டவைத்தது போல இருந்த தோள்கள் மெல்ல இறங்கின. கூடவே குற்ற உணர்ச்சியும் வந்து உட்கார்ந்துகொண்டது, அதற்கு டிக்கெட் எதுவும் தேவைப்படவில்லை. பாவம், தங்கையைப் பார்க்க எவ்வளவு ஆசையாக இருந்தார். மாமியார் அந்த வயதில் பரண் ஏறி இறங்கியிருக்கிறார்.

பணிப்பெண் திரும்பி வந்து குனிந்தாள்.

"மேடம், கடைசி வரிசையில ஒருத்தர் வரல. உங்க கணவர் திரும்பக் கவுண்டருக்கே வந்து நிக்கிறாராம், சாமானை வேற யார்கிட்டயாவது விட்டுட்டு வர்றேங்கிறாராம். நீங்க சரின்னா கூப்பிட்டுடுவாங்க. கூப்பிடச் சொல்லட்டுமா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. மாமியார்.

"பெட்டியை ஏத்திட்டாங்களாம்மா?"

"இல்லங்க அத்தை. எடை அதிகமாயிடுச்சு. அவர் சாமானோட வெளியவே நின்னுட்டார். உங்க பொண்ணுக்கு ஒண்ணுமே கொண்டுபோக முடியல. நீங்க கஷ்டப்பட்டு எடுத்து வெச்சீங்க, கோவிச்சுக்காதீங்க."

எதிர்முனையில் ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது. வருத்தம் என்று முதலில் நினைத்தாள். வருத்தம் அத்தனை நிம்மதியாக இருக்காது என்று பிறகு தோன்றியது.

"அவ எதையும் கேக்கலம்மா," என்றார் மாமியார். "ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. எப்படியாவது அண்ணனை மட்டும் இங்க அனுப்பிடாதேன்னு."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். பணிப்பெண் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"வேண்டாங்க," என்றாள் மெதுவாக.